என் மகன் கப்பலில் பார்க்கும் வேலை

கொஞ்சம் நீளமான பதிவு. இதில் ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது, நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு பொய்யும் இருக்கிறது. மகனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆறு வருஷமாக என் மகன் கப்பலில் இருக்கிறான். யார் கேட்டாலும் "கப்பல்ல ஆபீசர்" என்றுதான் சொல்லி வந்தேன். சிதம்பரம் கீழவீதியில் பூ வாங்கும்போது கேட்டாலும் அதே பதில், கடலூரில் கல்யாண வீட்டில் கேட்டாலும் அதே பதில். உண்மையில் அவன் உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றில் பார்டெண்டர். வருகிறவர்களுக்கு மதுவைக் கலந்து கொடுப்பதுதான் அவன் வேலை. 34 வருஷம் கரும்பலகையில் "குடி குடியைக் கெடுக்கும்" என்று எழுதிப் போட்ட கை என்னுடையது. டீச்சர் மகனுக்கு இந்த வேலை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கௌரவம் மட்டும் காரணம் இல்லை. எனக்கு ஒரு பெரியண்ணன் இருந்தான். 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தபோது எனக்கு 11 வயது, அவனுக்கு 19. சேத்தியாட்களோடு விளையாட்டாகப் போனவன்தான். 1974-ல் கடைகளை மறுபடி மூடிவிட்டார்கள், ஆனால் அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. கடை மூடினால் என்ன, வாய்க்கால் ஓரம் காய்ச்சுகிறவர்கள் இருந்தார்கள். 1981-ல் மறுபடி கடை திறந்தபோது அவனுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள். 41 வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அண்ணியின் தாலிச் சங்கிலி முன்னமே அடகுக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசற்படி தாண்டி ஒரு பாட்டிலும் வந்ததில்லை.

போன தை மாதம் மகன் விடுப்பில் வந்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் பார்க்கப் போனோம். நல்ல குடும்பம். பெண்ணின் அப்பா, "தம்பி கப்பல்ல என்னவா இருக்காப்ல?" என்று கேட்டார். மகன் வாயைத் திறப்பதற்குள் என் வாயில் வழக்கம்போல "ஆபீசர்" வந்துவிட்டது. அவன் கையிலிருந்த கேசரித் தட்டை அப்படியே கீழே வைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும் வரை பேசவில்லை. புதுச்சத்திரம் கிட்டே வந்ததும் மெதுவாகக் கேட்டான்: "ஏம்மா, நான் என்ன திருட்டு வேலையா பார்க்கறேன்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"நான் செய்யற வேலையை ஒரு நாள் கண்ணால பாரு. பார்த்துட்டு அப்புறமா மறைக்கணும்னா மறைச்சுக்கோ" என்றான்.

தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்த ரெண்டாம் நாள், மகளும் மருமகனும் கடலூரிலிருந்து வந்திருந்தார்கள். மகன் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தான். மச்சானுக்காக விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்கிய வெள்ளை ரம். "இன்னைக்கு மட்டும்மா" என்றான். நான் சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவன் செய்தது பீன்யா கொலாடா. ஸ்பானிய மொழியில் "வடிகட்டிய அன்னாசி" என்று அர்த்தமாம். போர்ட்டோ ரிக்கோ தீவில் சான் ஹுவான் நகரத்து ஹில்டன் ஓட்டலில் 1954-ல் மர்ரேரோ என்கிற பார்டெண்டர் இதை உண்டாக்கினதாகச் சொல்கிறார்கள். 1978-ல் அந்தத் தீவு இதைத் தன் அதிகாரபூர்வ பானமாகவே அறிவித்துவிட்டது. இவன் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கும் போகும்.

அன்னாசி, தேங்காய், கரும்பு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதில் எது நமக்குப் புதுசு? ரம் என்பதே கரும்பிலிருந்து வருவதுதான். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகை, மொலாசஸை, நொதிக்க வைத்துக் காய்ச்சி வடிப்பது. கடலூரிலிருந்து விழுப்புரம் ரயிலில் போனவர்களுக்கு நெல்லிக்குப்பம் வரும்போது ஆலையிலிருந்து ஒரு இனிப்புப் புளிப்பு வாடை மூக்கில் ஏறும், ஞாபகம் இருக்கிறதா? 1840-களிலிருந்து இருக்கிற ஆலை. இ.ஐ.டி. பாரி என்று நாம் சொல்கிறோமே, அதில் "டி" என்பது டிஸ்டிலரீஸ். சாராய வடிசாலைதான். சர்க்கரைப் பாக்கெட்டில் இத்தனை வருஷம் அந்தப் பேரைப் படித்திருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை.

இனி செய்முறை. காலையிலேயே ரெண்டு முற்றின தேங்காயைத் துருவச் சொன்னான். வெந்நீரை மிகக் கொஞ்சமாகத் தெளித்து, கெட்டியான முதல் பால் மட்டும் பிழிந்து, ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் வைத்தோம். மேலே வெண்ணெய் மாதிரி ஒரு ஏடு கட்டியது. அதை மட்டும் கரண்டியால் வழித்து எடுத்தான். வெளிநாட்டில் இதற்குச் சர்க்கரை சேர்த்த தேங்காய் க்ரீம் டின்னில் கிடைக்கிறதாம். நாங்கள் டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டோம்.

அன்னாசியின் கண்களைச் சாய்வாகக் கோடு கோடாகச் சீவி எடுத்த அழகைப் பார்க்க வேண்டும். ஒரு கண் கூட மிச்சமில்லை, பழமும் வீணாகவில்லை. மிக்சியில் அடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டினான். பசும்பாலில் பச்சை அன்னாசியைப் போட்டால் கசந்துவிடுமே என்று கேட்டேன். அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் என்கிற நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வருகிற கசப்பு அது. தேங்காய்ப்பால் ஏட்டில் புரதம் குறைவு, கொழுப்புதான் அதிகம். அதனால் கலந்த உடனே குடித்துவிட்டால் கசப்பு தெரிவதில்லை. வைத்திருந்து குடிக்கக் கூடாது.

பார்டெண்டர்களின் உலக சங்கம் சொல்லும் அளவு: ரம் 50 மில்லி, அன்னாசிச் சாறு 50 மில்லி, தேங்காய் க்ரீம் 30 மில்லி. "சமையல்ல நீ கண்ணளவு போடுவே. இதுல கண்ணளவே கிடையாது. ஒருத்தர் உள்ளே எவ்வளவு போகுதுன்னு ஊத்தறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லி ஒரு சின்ன எவர்சில்வர் அளவுக் கிண்ணத்தைக் காட்டினான். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி அம்மிக் குழவியால் நான் தட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் மிக்சியில் ஒரு சுற்று. அவ்வளவுதான்.

எனக்குத்தான் முதல் டம்ளர், ரம் இல்லாமல். ரம் வாடையே படாத வேறு ஜாரில் முதலில் எனக்கு அடித்துக் கொடுத்த பிறகுதான் பாட்டிலையே திறந்தான். ரம் வேண்டாம் என்று கேட்பவர்கள் கப்பலிலும் நிறைய உண்டாம். பாயசக் கண்ணாடி டம்ளரில், விளிம்பில் ஒரு அன்னாசித் துண்டு செருகி, ரெண்டு கையாலும் நீட்டினான். குடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாக இருந்தது.

மருமகனுக்கு ஊற்றுவதற்கு முன்னால், "வண்டிச் சாவி கொடுங்க மாமா, இன்னைக்கு இங்கேதான் படுக்கை" என்று வாங்கி என் கையில் கொடுத்தான். அவர் குடித்து முடித்துவிட்டு, "மாப்ள, இன்னொண்ணு, கொஞ்சம் தூக்கலா" என்றார். இவன் சிரித்துக்கொண்டே ரம் இல்லாத டம்ளரை எடுத்து வைத்தான். "போதும் மாமா. இதைக் குடிங்க." அவரும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "போதும்னு சொல்றதும் என் வேலைதாம்மா. ஒருத்தருக்கு ஏறிடுச்சுன்னா அதுக்கு மேல ஊத்தக் கூடாது. அவர் கத்துவார், திட்டுவார். முகம் கோணாம மறுக்கணும்."

எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அவன் குடித்த 22 வருஷத்தில் ஊற்றிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! போதும் தம்பி, வீட்டுக்குப் போ என்று ஒருத்தர் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு டீச்சர் குடியை ஆதரிக்கிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாட்டிலில் மிச்சமிருந்ததை மருமகனோடு அனுப்பிவிட்டேன். 2023-ல் மரக்காணம் பக்கத்திலும் 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கு மேற்பட்ட உயிர்கள். மெத்தனால் கலந்த சாராயம் அது. மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். என் பழைய மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் போகிறவர்களாக இருந்தால், டீச்சர் சொன்னதாக நினைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் காலை மஞ்சக்குப்பத்துக்கு நானே போன் செய்தேன். "அன்னைக்கு நான் சொன்னது சரியில்லைங்க. பையன் ஆபீசர் இல்லை. பார்டெண்டர். சம்பளம் நான் சொன்னதுதான், அதுல மாற்றம் இல்லை. அவனுக்குக் குடிப்பழக்கம் இல்லை" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம் டீச்சர்" என்றார். மூணு வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெற்றவளே ஆறு வருஷம் மறைத்த வேலை அது.

மகன் போன வாரம் கப்பலுக்குத் திரும்பிவிட்டான்.

நேற்று கீழவீதியில் பூக்காரம்மா கேட்டார்: "தம்பி மறுபடி கெளம்பிடுச்சா டீச்சர்? ஆபீசர்தானே?"

"ஆபீசர் இல்லம்மா. கப்பல்ல பார்டெண்டர்."

"அப்படின்னா?"

சொன்னேன். "ஓ, கலந்து குடுக்கற வேலையா" என்றார். ரெண்டு முழம் அளந்து, வழக்கம்போல ஒரு சாண் கூடப் போட்டுக் கிள்ளிக் கொடுத்தார்.

அன்னாசியும் தேங்காயும் வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குச் செய்து கொடுங்கள். ரம் இல்லாமல்தான். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.