கண்ணை மூடாதீங்க தம்பி!

பங்குனி பிறந்துவிட்டால் விருதுநகர்க்காரர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மாரியம்மன் கோயில் பொங்கல், பொருட்காட்சி, ராட்டினம், டெல்லி அப்பளம்... அப்புறம் பலூன் சுடும் கடை! போன வருஷம் என் மானம் கப்பலேறியது அந்தக் கடையில்தான்.

''அப்பா, சுடுப்பா!'' என்றான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும் என் புத்திரன். பக்கத்தில் சகதர்மிணி. விடுவேனா? சினிமா போலீஸ் மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி, தோளைச் சாய்த்து, பத்து குண்டு சுட்டேன். ஒரு பலூன்... ம்ஹும், ஒன்றே ஒன்றுகூட உடையவில்லை. அத்தனையும் காற்றில் ஆடி என்னைப் பார்த்துத் தலையாட்டின.

''துப்பாக்கி கோணல்!'' என்று தீர்ப்பு சொன்னேன்.

கடைக்காரப் பையன் பேசவே இல்லை. அதே துப்பாக்கியை வாங்கி டப், டப், டப் என்று மூன்று பலூனை உடைத்தான். ''கோணல்தாண்ணே. ஆனா எப்பவும் ஒரே மாதிரி கோணல். நாமதான் தள்ளிப் பிடிக்கணும். அண்ணனுக்கு எந்த ஊரு?''

''பொறந்தது சிவகாசி...''

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து அப்பளக் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். வெடிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் பலூனிடம் தோற்றுவிட்டான்!

நான் பி.காம். பகலில் வத்தல், பருப்பு மண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் இந்த மாதிரி எழுதுகிறேன். இரண்டிலும் ரோஷம் வந்தால் பைசா தேறாது. ஆனாலும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மதுரைப் பக்கம் ஒரு ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தேன். சொல்லிக் கொடுத்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். மீசையைப் பார்த்தாலே பலூன் தானாக உடையும்.

முதல் நாள் துப்பாக்கியைக் கண்ணில் மட்டும்தான் காட்டினார். ''குண்டு இல்லேன்னு தெரிஞ்சாலும் இருக்குன்னே நெனச்சுக்கங்க. முனை எப்பவும் டார்கெட் பக்கம். சுடப்போற வரைக்கும் விரல் விசைக்கு வெளியே.''

எனக்கு இது எங்கேயோ கேட்ட பாட்டாக இருந்தது. எங்கள் ஊரில் 'ஆபீஸ்' என்றால் ஃபேனுக்குக் கீழே ஃபைல் பார்க்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாசு ஆலைக்குத்தான் அந்தப் பெயர். என் அப்பா அப்படி ஓர் ஆபீஸில் மருந்து கலக்கும் அறையில் முப்பது வருஷம் இருந்தவர். பருத்தி வேட்டிதான் கட்டுவார். இரும்புச் சாமானை அறைக்குள் கொண்டுபோக மாட்டார். வெயில் ஏறும் முன்பே கலவை முடிந்துவிட வேண்டும். அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. வீட்டிலே டம்ளரைக்கூட 'ணங்'கென்று வைக்க விட மாட்டார்.

அடுத்த வாரம் நிற்கக் கற்றுக்கொண்டேன். ஆமாம் ஸார், நிற்க! இடது முழங்கையை இடுப்பு எலும்பில் ஊன்ற வேண்டும். துப்பாக்கியின் கனத்தை எலும்பு தாங்க வேண்டும், சதை தாங்கக் கூடாது. சதை களைத்து நடுங்கும், எலும்பு நடுங்காது. பிறகு குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, மூச்சை விட்டு, கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். துப்பாக்கி பக்கத்து அட்டையைப் பார்த்துக் கொண்டிருந்தது. கையால் இழுத்து நேராக்கினேன்.

''கையால இழுக்காதீங்க தம்பி. பாதத்தை நகர்த்துங்க.''

கணக்குப் பிள்ளைக்குச் சட்டென்று புரிந்தது. ஐந்தொகை டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவோமே, அதுதான் கையால் இழுப்பது. அப்போதைக்குச் சரியாகத் தெரியும். ஆடிட்டர் வரும்போது பல்லிளிக்கும்.

பத்து மீட்டர் போட்டியின் அட்டையில் நடுக் கறுப்பு மூன்று சென்டிமீட்டர்தான். அதற்குள் இருக்கிற 'பத்து' வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா முள் பட்ட மாதிரி இருக்கும். குண்டின் குறுக்களவே நாலரை மில்லிமீட்டர்! அந்தப் புள்ளியைச் சுட்டுத்தான் 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா நமக்கு ஒலிம்பிக்கின் முதல் தனிநபர் தங்கத்தை வாங்கி வந்தார். கடைசி ஷாட் 10.8. உச்சபட்சமே 10.9-தான். 2012 லண்டனில் இதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். 'நமக்கெல்லாம் எங்கே' என்று இழுக்க வழியில்லை.

பின்னால் ஊசித்துளை, முன்னால் ஒரு வளையம், தூரத்தில் கறுப்புப் பொட்டு. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார வேண்டும். பார்வை முன் வளையத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பொட்டு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. மூச்சை இழுத்து, பாதி விட்டு, அந்த அமைதியில் விசையை வலிக்காமல் அழுத்த வேண்டும். ஏழெட்டு செகண்டில் சுட முடியவில்லை என்றால் கண் ஏமாற்ற ஆரம்பிக்கும். இறக்கிவிட வேண்டும். ''சுடாம இறக்குறதும் ஷூட்டிங்தான்'' என்பார் மாஸ்டர். சுட்ட பிறகும் ஒரு செகண்ட் அப்படியே நிற்க வேண்டும். குண்டு குழாயை விட்டுப் போகும் முன்பே 'பட்டுதா?' என்று தலையைத் தூக்கினால் போச்சு.

ஒரு நாள் ஐந்து குண்டும் கீழே இடதுபக்கம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவர் முதுகில் தட்டினார். ''தப்பு ஒரே இடத்துல இருந்தா ரெண்டு திருகுல சரி பண்ணிடலாம். அஞ்சும் அஞ்சு திசையில போனாத்தான் கஷ்டம்.'' பலூன் கடைப் பையன் சொன்னதும் இதைத்தான்!

ஆனால் அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. நாலு குண்டு ஒழுங்காகப் போகும். ஐந்தாவது எங்கோ பறக்கும். ஒரு ஞாயிறு மாஸ்டர் என்னிடம் சொல்லாமல் குண்டு போடாத ரைபிளைக் கையில் கொடுத்தார். விசையை அழுத்தினேன். 'டிக்' என்று மட்டும் கேட்டது. முனை ஒரு துள்ளு துள்ளியது.

''குண்டும் இல்லே, சத்தமும் இல்லே. கண்ணை மூடிட்டீங்களே தம்பி? வெடிச் சத்தம்னா பயமா?''

''சிவகாசிக்காரனுக்கா?'' என்று அசடு வழிந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அந்தச் சிரிப்பு காணாமல் போய்விட்டது.

நாலாங்கிளாஸ். மத்தியானம். ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. டீச்சர் சாக்பீஸோடு அப்படியே நின்றார். அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் 'என்ன அது?' என்று கேட்க மாட்டார்கள்; 'எந்த ஆபீஸ்?' என்றுதான் கேட்பார்கள். தெருவில் பெண்கள் செருப்பில்லாமல் ஓடினார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. இருட்டுகிற வரைக்கும் திண்ணையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்தால் யாராவது வந்து சொல்லிவிடுவார்களோ என்று.

அப்பா வந்தார். வெடித்தது பக்கத்து ஆபீஸ். ஆட்களைத் தூக்கப் போயிருந்தார். வேட்டியெல்லாம் கரி. யாரிடமும் பேசாமல் குளித்தார். மறுநாள் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார். அந்த நாளைப் பற்றி வீட்டில் அதன்பிறகு பேச்சே இல்லை.

அன்றைக்கு ராத்திரிதான் கேட்டேன்.

''அப்பா... அதுக்கு மறுநாள் வேலைக்குப் போனீங்களே, பயமா இல்லையா?''

வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: ''பயம் இல்லாமலா? நீங்கள்லாம் சாப்பிடணுமேடா. ஆனா, கண்ணை மூடிக்கிட்டு மருந்து கலக்க முடியாதுல்ல?''

அவ்வளவுதான். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார். எனக்குத்தான் ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாஸ்டரிடம் குண்டில்லாமலே விசையை அழுத்திப் பழகுகிறேன் என்றேன். ஒரு மாதம் வெறும் 'டிக்'. கண் மூடாமல், முனை துள்ளாமல். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. அதைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவே.

இந்த வருஷம் பங்குனி. அதே பொருட்காட்சி, அதே கடை, அதே பையன். இந்தத் தடவை அப்பாவும் கூட வந்திருந்தார். முதல் இரண்டு குண்டில் துப்பாக்கியின் கோணல் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டேன். மீதி எட்டில் ஏழு பலூன்!

கடைக்காரப் பையன் வாயைப் பிளந்தான். சகதர்மிணி முகத்தில் கல்யாணத்தன்று பார்த்த பிரகாசம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

என் புத்திரன் மட்டும் துப்பாக்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

''ஏம்ப்பா, துப்பாக்கியை ரிப்பேர் பண்ணிட்டாங்களா?''