எல்லையோரத்தில் ஒரு பாத்தி கீரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது நெய்யாற்றின்கரை. அதைத் தாண்டினால் பாறசாலை, இஞ்சிவிளை, பிறகு களியக்காவிளை. கடைசி ஊர் தமிழ்நாடு, மற்றவை கேரளம். ஊர்ப் பெயர்களுக்கு இந்த எல்லை தெரியாது. இரு பக்கமும் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘விளை’ என்ற சொல்லுக்குத் தென்கோடித் தமிழில் தோட்ட நிலம் என்று பொருள்.

மாசி பிறந்ததும் வீட்டு விளைகளில் மண்வெட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கும். முதலில் மண்ணுக்குள் போவது சேனை. மலையாளக் கணக்கில் இது கும்ப மாதம். கும்பத்தில் நட்டால் குடம் அளவு, மீனத்தில் நட்டால் மீன் கண் அளவு என்பது ஊர்ச் சொலவடை. முளையின் ஒரு பகுதி இருக்கும்படி ஏறத்தாழ ஒரு கிலோ துண்டுகளாக அறுத்து, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டடிக் குழியில் வைத்துச் சருகால் மூடுகிறார்கள். கோடை மழையில் முளைக்கும் சேனையைக் கார்த்திகை வாக்கில் தோண்டலாம். விஷு கழிந்ததும் வெண்டை, பயறு, பாகல். மேட மாதம் பத்தாம் நாளான ‘பத்தாமுதயம்’ விதை ஊன்ற நல்ல நாள். இடவப்பாதி மழை வருவதற்குள் செடி வேர் பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

வீட்டைச் சுற்றியுள்ள மண் இந்தப் பகுதியைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்றியதும் உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனி சாகுபடியை ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அந்தக் கிழங்குதான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. கோடு விழுந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் நிற்கவில்லை. ஆனால் விளைகள் சுருங்கின. பாகப்பிரிவினையில் ஏக்கர்கள் சென்ட்டுகளாயின. ரப்பர் மரமும் கான்கிரீட் வீடும் மிச்ச இடத்தைப் பிடித்தன. ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பாவூர்சத்திரத்திலிருந்தும் வரும் லாரிகளை நம்பிக் கேரளத்துச் சமையலறைகள் நடக்கின்றன.

அந்த லாரிகள் மீது சந்தேகமும் வந்தது. தமிழகக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று 2015இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை கெடுபிடி காட்ட, தமிழகத் தரப்பு அதை மறுத்தது. வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வகம் கடைக் காய்கறிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தது. ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறியை வீட்டிலேயே விளைவிக்கச் சொல்லி 2017இல் கேரள அரசு விதைப் பொட்டலங்களை வழங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து களியக்காவிளையில் போக்குவரத்து முடங்கியபோது, கொல்லையில் நாலு வெண்டைச் செடி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்கள்.

எல்லைக் கிராமங்களில் இந்தச் சர்ச்சைக்கு ஒரு சங்கடமான முகம் உண்டு. ‘தமிழ்நாட்டுக் காய் என்றால் விஷம்’ என்ற பேச்சை இங்கே கேட்பவர்களில் பலரின் தாய்மொழியே தமிழ். விளைவிக்கிறவர் உறவினராகவும் இருக்கலாம்.

வீட்டுத் தோட்டம் லாரிகளை நிறுத்திவிடாது. ஐந்து சென்ட் நிலத்தில், அதுவும் வீடு போக மிஞ்சியதில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய் விளையாது. அந்தத் தோட்டம் வேறொன்றைக் கற்றுத் தருகிறது. வழுதலங்காய்ச் செடியின் நுனி வாடினால் உள்ளே தண்டுத் துளைப்பான் இருக்கிறது. வாடிய நுனியைக் கிள்ளி அழிக்க வேண்டும். பாகல் பிஞ்சைப் பழ ஈ தொடாமல் காகிதத்தில் பொதிய வேண்டும். வேப்பெண்ணெயும் பூண்டும் கரைத்து விடிகாலையிலோ மாலையிலோ தெளிக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் பத்துக் காயில் இரண்டு சொத்தையாகும். வீட்டுக்காரர் சொத்தையை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழம்பில் போடுகிறார். அதே சொத்தை சந்தைக்குப் போனால் மொத்த மூட்டைக்கும் விலை இறங்கும். புள்ளியில்லாத காயைக் கேட்டு வாங்குகிற கையும் மருந்து தெளிப்பானைப் பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிகிறது.

கீரைப் பாத்தியிலும் ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்தார் விரும்பும் ‘அருண்’ செங்கீரையை மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் பாழாக்கும். அதற்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் எளிய வழி, நோயைத் தாங்கும் ‘கோ 1’ பச்சைக்கீரையைச் செங்கீரையோடு கலந்து விதைப்பது. ‘அருண்’ கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம். ‘கோ 1’ கோயம்புத்தூரில் உருவானது. இஞ்சிவிளைப் பக்கத்துப் பாத்திகளில் இவை இரண்டையும் சேர்த்து விதைப்பவர்களுக்கு இது அரசியல் அல்ல. கீரை அழுகாமல் சட்டிக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.