நானும் என் நாவலும்

“மலருக்கு உமது கட்டுரை ஒன்று வேண்டும், பொருள் உமது விருப்பம்” என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து இலக்கணக் கட்டுரை ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். கல்லூரியின் வரலாற்றை எழுதுதற்கு என்னினும் மூத்தோரும் தகுதியுடையோரும் பலர் உளர். ஆதலின், இக்கல்லூரியின் வகுப்பறை ஒன்றிலே தொடங்கி, இன்றுவரை முடிவுறாதிருக்கும் என் சொந்தக் காரியம் ஒன்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அக்காரியம் நான் எழுதிவரும் நாவல்.

என்னை நாவலாசிரியன் என்று சொல்லிக்கொள்வதற்கு எனக்கே கூச்சமாயிருக்கிறது. பகலிலே நான் பயிற்றப்பட்ட ஆசிரியன். மாலையிலே இரு பிள்ளைகளின் தந்தை. விடியுமுன் ஒன்றரை மணி நேரம் மாத்திரமே நாவலாசிரியன். என் எழுத்துக்காக எந்தப் பதிப்பகமும் காத்திருக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் முதல் நாவலை என் செலவிலேயே அச்சிட்டேன். முந்நூறு பிரதிகள். அச்சுக்கூலிக்காக மனைவியின் காப்பொன்று ஈட்டுக்குப் போயிற்று. வெளியீட்டு விழாவிலே முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று நூற்றுப்பத்துப் பிரதிகள் போயின. அன்பளிப்பாக எழுபது போயின. மிகுதி இன்றும் கட்டிலின் கீழே பெட்டிகளில் உறங்குகின்றன. காப்பு மீண்டு வந்தது. ஆனால் நாவல் விற்ற பணத்தால் அன்று, விடைத்தாள் திருத்திய பணத்தால்.

இவ்வனுபவத்தால் எனக்குச் சில அபிப்பிராயங்கள் தோன்றியுள்ளன. கையொப்பமிட்டு இனாமாகக் கொடுத்த நூலைப் பெற்றவர் வாசித்தல் அரிது. காசு கொடுத்து வாங்கியவரோ, குறை சொல்வதற்காகவேனும் திறந்து பார்ப்பார். வெளியீட்டு விழாவிலே நீண்ட நேரம் பேசுபவர் முன்னுரையை மாத்திரம் வாசித்தவர். நூலை முற்றும் வாசித்தவர் பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து, தேநீருக்கும் நில்லாது போய்விடுவார். இக்காலப் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று ஆசிரிய அறையிலே நாள்தோறும் முறையிடுகிறோம். முறையிடும் நம்முள் எத்தனைபேர் சென்ற மாதத்தில் ஒரு நூலை முடித்தோம்? வாங்கின் கீழே கைத்தொலைபேசியை மறைத்து வைத்திருந்த மாணவன் ஒருவனை அண்மையிற் பிடித்தேன். பார்த்தால், அவன் அதிலே சிறுகதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். “மேசைக்கு மேலே வைத்து வாசி” என்று சொல்லிவிட்டு அப்பாற் சென்றேன். அதிபர் இக்கட்டுரையை வாசியாதிருப்பாராக!

எழுதுந்தொழிலில் எனக்குத் துணையாயிருப்போர், வேறு தொழில் பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி துரோலொப் தபாற் பகுதி உத்தியோகத்தர். தம்மை விடியுமுன் எழுப்புவதற்காக வேலைக்காரனுக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்து, ஐந்தரை மணிக்கே மேசைக்குச் சென்றார். கடிகாரத்தை முன்னே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதினார். இவ்வாறு நாற்பத்தேழு நாவல்களை முடித்தார். 1883 இல் வெளிவந்த அவருடைய சுயசரிதை எனக்கு ஊக்கமளித்தது. கணக்கு மாத்திரம் ஒத்துவரவில்லை. கால் மணியில் எனக்கு வருவது ஒரு வாக்கியம்; அதனையும் அடுத்த கால் மணியில் வெட்டிவிடுவேன்.

நம்நாட்டுக்கு வருவோம். 1885 இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலைத் தந்த சித்திலெப்பை கண்டியிலே வழக்கறிஞராயிருந்தவர். ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையையும் நடத்தியவர். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிலே கடமையாற்றிய இளைஞரான லியனாட் வுல்ஃப், பின்னர் இங்கிலாந்து சென்று, 1917 இல் தம் மனைவி வேர்ஜினியாவுடன் கையச்சு இயந்திரம் ஒன்றை வாங்கிச் சாப்பாட்டறையிலே வைத்து அச்சுத்தொழில் தொடங்கினார். இருவரும் ஒவ்வொரு கதை எழுதித் தாமே அச்சிட்ட அம்முதல் நூல் ஏறத்தாழ 150 பிரதிகளே. என் முந்நூறு அதனினும் இருமடங்கென்று நான் மனைவிக்குக் கூறியதுண்டு. அவள் கட்டிலின் கீழே பார்த்தாள்; மறுமொழி சொல்லவில்லை. சிகை அலங்கரிக்குந் தொழிலிலிருந்து எழுத்துக்கு வந்து, 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, நெடுங்காலம் தாமே தூக்கிச்சென்று விற்ற டொமினிக் ஜீவாவை யாழ்ப்பாணத்தார் மறவார்.

இவர்களைப் படித்தபின் ஓர் எண்ணம் என்னுட் பதிந்தது. தன் பணத்திலே தன் நூலை அச்சிடுபவனுக்கு மேலே ஒருவரும் இலர். ஒரு வரியையும் மாற்று என்று சொல்வாரில்லை. அவன் முழுச் சுதந்திரன். இவ்வெண்ணத்தில் எனக்கிருந்த பெருமை சென்ற ஆவணி மாதத்திலே குறைந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் இப்பொழுது எழுதும் நாவல் 1995 ஆம் ஆண்டைப் பற்றியது. அப்பொழுது எனக்குப் பதினைந்து வயது. மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கிலே படித்த காலம். கடதாசி அருமையால் பத்திரிகைகளும் கோடிட்ட கொப்பித் தாளில் வெளிவந்தன. நம் வகுப்பிலே என் பக்கத்திலிருந்த நண்பனும் நானும் எப்படியோ தேடிய எண்பது பக்கக் கொப்பி ஒன்றிலே நாவல் எழுதத் தொடங்கினோம். அத்தியாயம் அவனுக்கொன்று, எனக்கொன்று. ஆறு அத்தியாயங்கள் எழுதினோம். ஏழாவது என் முறை, கொப்பியும் என்னிடமிருந்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. மழை. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் முன்னே போகவும் பின்னே திரும்பவும் இடமின்றி மக்கள் நெருங்கி நின்றனர். அந்நெரிசலிலே நண்பனைக் கண்டேன். “கொப்பி எங்கையடா?” என்பதே அவன் கேட்ட முதற் கேள்வி. கொப்பி என் தோட்பையினுள்ளே சட்டைக்குட் சுற்றியிருந்தது. கொடுத்தால் அவனே கதையை முடித்துவிடுவான் என்ற பொறாமையினால், “வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்” என்றேன். அவன் முகம் வாடியது. “பறவாயில்லை, திரும்பிப் போய் எழுதுவம்” என்று சொல்லிப் போனான். அவன் குடும்பம் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னி சென்றது. 1996 இல் நாங்கள் ஊர் திரும்பினோம். அவன் திரும்பவில்லை; அங்கே மலேரியாக் காய்ச்சலில் இறந்தான்.

என் நாவலின் பதினைந்தாம் அத்தியாயத்திலே இப்பாலக் காட்சியை எழுதியிருந்தேன். ஆனால் அதிலே நான் மழையில் நனைந்தபடி கொப்பியை நண்பன் கையிற் கொடுத்து விடைபெற்றேன். நன்றாக அமைந்த பகுதி அதுவே என்று எண்ணியிருந்தேன்.

நண்பனின் தாயார் இப்பொழுதும் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். அவர் மகனைப் பற்றி அச்சிடுமுன் அவரிடம் சொல்லுதல் முறை என்று தோன்றியது. ஆவணி மாதத்து ஞாயிறொன்றிலே சென்று அவ்வத்தியாயத்தை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, “தம்பி, கொப்பியை நீ வீட்டிலை விட்டிட்டு வந்ததெண்டெல்லே அவன் எனக்குச் சொன்னவன். காய்ச்சலுக்குள்ளையும் அந்தக் கொப்பியைத்தான் பறைஞ்சவன். செல்லுக்கு எரிஞ்சுபோச்சோ, கறையான் திண்டுபோச்சோ எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவன்” என்றார்.

நான் எழுந்து வீட்டுக்குப் போனேன். அலுமாரியிலிருந்த கொப்பியை எடுத்துவந்து அவர் மடியிலே வைத்து, நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகனின் எழுத்தை விரலாலே தடவினார். “கண் தெரியேல்லை, வாசி” என்றார். அவனுடைய மூன்று அத்தியாயங்களையும் வாசித்தேன். ஓரிடத்திலே, கதாநாயகன் ஆசிரியரின் சைக்கிளுக்குக் காற்றுத் திறந்துவிடும் பகுதியிலே, அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இது அவன் தான் செய்தது. அடியும் வாங்கினவன்” என்றார். நான் புறப்படும்போது, “எழுது தம்பி. ஆனால் உள்ளதை எழுது. நீயும் அப்ப சின்னப் பிள்ளைதானே” என்றார்.

அக்கடைசி வாக்கியத்தை நான் இன்னும் முற்றாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் பதினைந்தாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். அதனைத் தொடர்ந்த மூன்று அத்தியாயங்களும் அப்பொய்யின்மேற் கட்டப்பட்டவையாதலால் அவையும் போயின. இரண்டு ஆண்டு உழைப்பு. இப்பொழுது மீண்டும் பாலத்தருகே நிற்கிறேன். காலையிலே ஒரு பக்கம் நகர்ந்தால் நல்ல நாள். என் எழுத்தின் முன்னேற்றம் யாதென்று கேட்போர்க்கு, பதினெட்டிலிருந்து பதினான்குக்கு முன்னேறியுள்ளேன் என்று சொல்லுகிறேன்.

பதிப்பாளன் இல்லாத எழுத்தாளனைக் கேட்பாரில்லை என்று எண்ணியது பிழை. கேட்கவேண்டியவர் நம் ஒழுங்கையிலேயே இருக்கிறார். நாம்தாம் சென்று வாசித்துக் காட்டவேண்டும்.

ஒரு காரியம் முடிவாகிவிட்டது. நண்பனின் மூன்று அத்தியாயங்களும் நாவலினுள்ளே அவன் எழுதியபடியே அச்சேறும். அவனுக்கு லகர ளகர வேறுபாடு கடைசிவரை பிடிபடவில்லை. பக்கத்திற்குப் பத்துப் பிழையேனும் உண்டு. இருபது ஆண்டுகளாகப் பிறர் பிழையைத் திருத்தியே சம்பளம் வாங்கும் நான், அப்பக்கங்களிலே சிவப்புப் பேனாவைத் தொடப்போவதில்லை. அட்டையிலே இருவர் பெயரும் இருக்கும். இம்முறையும் முந்நூறு பிரதிகளே. முதற்பிரதி யாருக்கென்பதை இனிச் சொல்லவேண்டியதில்லை. காப்பைப் பற்றி மனைவியிடம் இன்னும் பேசவில்லை.