நாற்பத்து நான்கு நாள் மேனேஜர்

கால்பந்து பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பந்து கோட்டைத் தாண்டினால் கோல் என்று தெரியும். ஆஃப்சைடு என்றால் என்னவென்று என் பேரன் மூன்று முறை விளக்கியும் இன்றுவரை புரியவில்லை. இருந்தும் 'த டேம்ட் யுனைடெட்' என்ற ஆங்கிலப் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன். 2009-ல் வந்த படம். டாம் ஹூப்பர் இயக்கியது. அடுத்த வருடமே 'த கிங்ஸ் ஸ்பீச்' எடுத்து ஆஸ்கர் வாங்கினாரே, அவர்தான்.

கதை ஒரு வரிதான். பிரையன் கிளஃப் என்ற கால்பந்து மேனேஜர் 1974-ல் லீட்ஸ் யுனைடெட் அணிக்குப் பொறுப்பேற்று 44 நாளில் வேலையை இழந்தார். இங்கிலாந்தில் கால்பந்து மேனேஜர் என்றால் கணக்கு எழுதுகிறவர் அல்ல. யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாரை விற்பது எல்லாம் அந்தக் காலத்தில் அவர் கையில்தான் இருந்தது.

கிளஃப் சாதாரண ஆள் இல்லை. ஆட்டக்காரராக இருந்தபோது 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டவர். 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முழங்காலில் பட்ட அடி அவருடைய ஆட்ட வாழ்க்கையை முடித்துவிட்டது. பிறகு மேனேஜராகி, இரண்டாம் பிரிவில் கிடந்த டெர்பி கவுன்டி அணியை 1972-ல் லீக் சாம்பியனாக்கினார். வாய் மட்டும் சும்மா இருக்காது. தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு லீட்ஸ் அணியினர் முரட்டுத்தனமாகவும் ஏமாற்றியும் ஆடுகிறார்கள் என்று வருடக்கணக்கில் சாடியவர். அந்த லீட்ஸுக்கே மேனேஜராகப் போனால்?

லீட்ஸை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தவர் டான் ரெவி. ஆட்டக்காரர்களுக்கு அவர் தகப்பன் மாதிரி. அவர் இங்கிலாந்து தேசிய அணிக்குப் போய்விட, காலியான நாற்காலியில் கிளஃப் வந்து உட்கார்ந்தார். வந்த புதிதிலேயே, நீங்கள் வாங்கிய பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள், நேர்மையாக ஜெயித்தவை அல்ல என்ற அர்த்தத்தில் பேசினார் என்பார்கள். அப்புறம் யார் ஆடுவார்கள்? ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. செப்டம்பர் 12 அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

படத்தைப் பார்த்தவர்களின் அபிப்பிராயம்தான் எனக்குப் படத்தைவிட சுவாரசியமாக இருந்தது. ஒரே படம், ஆளுக்கொரு தீர்ப்பு.

கிளஃப்பை அறியாதவர்களுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிடுகிறது. மைக்கேல் ஷீன் அப்படியே அந்த மனிதராகிவிட்டார். டோனி பிளேராகவும் டேவிட் ஃப்ராஸ்டாகவும் நடித்தவர்தான் இவர் என்று நினைவே வராது. கிளஃப்பின் குடும்பத்தாருக்கோ இது பிடிக்கவில்லை. படத்துக்கு மூலம் டேவிட் பீஸ் 2006-ல் எழுதிய நாவல். அதில் வரும் கிளஃப் எந்நேரமும் குடியும் கோபமும் பழிவாங்கும் எண்ணமுமாக இருப்பார். எங்கள் வீட்டு மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது அவர்கள் வருத்தம். அவர் 2004-லேயே காலமாகிவிட்டார். மறுத்துப் பேச அவர் இல்லை. உயிரோடிருந்த லீட்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸ் நாவலின் பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார். இறந்தவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

படம் நாவலைவிட எவ்வளவோ மென்மையானது என்பதையும் சொல்ல வேண்டும். கோபக்காரரைக் காட்டும்போதே அவருக்குள் இருக்கும் சிறுபிள்ளையையும் காட்டுகிறது. பாராட்டுக்கு ஏங்குகிற மனிதர். படத்தில் 1968-ல் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு ரெவி வருகிறார் என்று கிளஃப் தன் அறையைத் தானே துடைத்து, கிளாஸ்களை எடுத்து வைத்துக் காத்திருப்பார். ரெவி கையைக்கூடக் குலுக்காமல் போய்விடுவார். அங்கே விழுகிறது பகையின் விதை. இதெல்லாம் சினிமாவுக்கான ஜோடனை என்று விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

என் மனைவியின் தீர்ப்பு வேறு. "இது பந்தாட்டப் படமா? இது கல்யாணப் படம்ங்க. புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுப் பிரிஞ்சு மறுபடி சேர்ற கதை" என்றாள். அவள் சொன்னது கிளஃப்பையும் அவருடைய உதவியாளர் பீட்டர் டெய்லரையும். யாரை வாங்கலாம் என்று கண்டுபிடிப்பது டெய்லர், அவர்களை ஆட வைப்பது கிளஃப். லீட்ஸுக்கு டெய்லர் வரவில்லை, பிரைட்டனிலேயே இருந்துவிட்டார். 44 நாளில் கிளஃப் கவிழ்ந்ததற்கு அதுதான் காரணம் என்று படம் சொல்கிறது.

எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. பதினோரு வருடம் எங்களைக் கட்டி மேய்த்த அதிகாரி ஓய்வு பெற்றதும் புதியவர் ஒருவர் வந்தார். கெட்டிக்காரர். முதல் நாளே எல்லோரையும் கூட்டி, இத்தனை நாள் நீங்கள் செய்தது வேலையே இல்லை என்றார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. ஆனால் அன்று சாயந்திரத்திலிருந்து ஒரு ஃபைலும் நகரவில்லை. யாரும் எதிர்த்துப் பேசவில்லை, "சரி சார்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஆறே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். சாயந்திர வேளையில் அவர் அறைக்குள் போய், "சார், கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் இல்லை. படத்தில் டெய்லரைப் பார்த்தபோது அந்தக் காலி இடம்தான் கண்ணில் பட்டது.

ஆகவே உண்மைக்கு மாறாக இருக்கிறது என்ற புகாரையும் ஒப்புக்கொள்கிறேன், படம் பொய் சொல்லவில்லை என்றும் சொல்வேன். தேதியும் சம்பவமும் புரளலாம், ஆள் புரளக் கூடாது. குடும்பத்தார் கேட்பதும் அதைத்தான். அவர்கள் கேள்வி நியாயமானது.

படத்தின் முடிவில் கிளஃப் டெய்லரின் வீட்டு வாசலில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பார். நிஜத்தில் அவர்கள் மறுபடி சேர்ந்தது 1976-ல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில். அப்புறம் நடந்தது சினிமாவில்கூட நம்ப முடியாதது. 1978-ல் லீக் சாம்பியன், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை.

படம் சொல்லாமல் விட்ட பகுதி அதற்கும் பிறகு. 1983-ல் ஜான் ராபர்ட்சன் என்ற ஆட்டக்காரரை டெய்லர் டெர்பிக்கு வாங்கிக்கொண்ட விஷயத்தில் இருவருக்கும் முறிந்தது. அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. 1990-ல் டெய்லர் காலமாகும்வரை சமாதானம் ஆகவில்லை. கிளஃப் 1994-ல் வெளியிட்ட சுயசரிதையை டெய்லருக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். வாசலில் போய் நிற்காத மனிதர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போய் நின்றார்.

டெர்பி மைதானத்துக்கு வெளியே இப்போது இருவருக்கும் சேர்த்து ஒரே சிலை இருக்கிறது. படம் வந்த மறு வருடம் வைத்தது. படம் பார்த்தவர்கள் அந்தச் சிலையின் புகைப்படத்தையும் ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் தீர்ப்பு என்னவென்று எழுதுங்கள்.