வீட்டுக் கணக்கு குடிபெயர்ந்தது



2025 டிசம்பர் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பக் கணக்கை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்கு மாற்றினேன். பத்தொன்பது ஆண்டுக் கணக்கு. பதினொரு வங்கி, கடன், சேமிப்புக் கணக்குகள். ஏறத்தாழ பதினான்காயிரம் பதிவுகள். ஒரு வார வேலை. கணினியில் வரவு செலவு எழுதும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதனை விரிவாக எழுதுகிறேன்.

2006இல் திருமணமான புதிதில் மைக்ரோசாப்ட் மணி என்னும் மென்பொருளில் கணக்கெழுதத் தொடங்கினேன். அதன் விற்பனை 2009 ஜூன் 30ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. 2010இல், பழைய பயனர்கள் தங்கள் கோப்புகளைத் தொடர்ந்து திறக்கும் வகையில் ஓர் இறுதிப் பதிப்பு இலவசமாக வெளியிடப்பட்டது. இணையவழிச் சேவைகள் 2011 ஜனவரியில் முடிவடைந்தன. நான் ரசீதுகளைப் பார்த்துக் கைப்பட எழுதுபவள் என்பதால் அந்த இறுதிப் பதிப்பே எனக்குப் பல்லாண்டுகள் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் இப்போது ஏன் மாறவேண்டும்? எங்கள் பழைய மேசைக்கணினி தளர்ந்துவிட்டது. அதிலிருந்த விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் நின்றது. ஆயினும் இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் திடீரென மறைந்தார். ஒழுங்கான மனிதர், ஒரு காசு தவறாமல் கணக்கெழுதியவர். அக்கணக்கு முழுவதும் அவருடைய கணினியில், அவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தது. எந்த வங்கியில் எவ்வளவு, எந்தக் காப்புறுதிக்கு எப்போது தவணை, வீட்டுக் கடனில் மீதம் என்ன என்பதை அறிய அவருடைய துணைவியார் மாதக்கணக்கில் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். கண்ணீர் காய்வதற்குள் வரிசையில் நிற்கவேண்டிய நிலை. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் எழுதும் கணக்கை நானில்லாத நாளில் என் கணவரால் படிக்க முடியுமா?

நாம் நாள்தோறும் பாடக்குறிப்பு எழுதுகிறோம். நாம் விடுப்பில் இருக்கும் நாளில் வேறோர் ஆசிரியர் அதைப் பார்த்து வகுப்பை நடத்த முடியவேண்டும். நமக்கு மட்டும் புரியும் பாடக்குறிப்பால் அன்று பயனில்லை. வீட்டுக் கணக்கும் அத்தகையதே. எழுதியவர் அல்லாத ஒருவர் அதைப் படிக்கவேண்டும். எழுதிய மென்பொருள் அல்லாத ஒன்றும் அதைத் திறக்கவேண்டும்.

இரண்டாவது கூற்றின் அருமை தமிழாசிரியர்களுக்கு நன்கு தெரியும். ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் தட்டச்சு செய்த வினாத்தாள்களை நினைத்துப் பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல்கள். கோப்பு இருக்கிறது, ஆனால் படிக்க வழியில்லை. வருமான வரிக்குரிய ஆவணங்களையே ஏழு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்னும் நாட்டில், குடும்பக் கணக்கு அத்தகைய கிறுக்கலாகிவிடக் கூடாது.

புதிய மென்பொருள்

நான் தேர்ந்தெடுத்தது க்னூகேஷ். இது கட்டற்ற மென்பொருள். விலையில்லை, சந்தாவும் இல்லை. இதன் முதல் நிலையான பதிப்பு 1998இல் வெளிவந்தது. 2007 முதல் விண்டோஸிலும் இயங்குகிறது. லினக்ஸ், மேக் கணினிகளுக்கும் உண்டு. இணைய இணைப்பின்றி வீட்டுக் கணினியிலேயே வேலை செய்யும். இதன் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் சுருக்கிச் சேமிக்கப்படுகிறது. சுருக்கத்தை விரித்தால் சாதாரண எழுத்துக் கோப்பாகவே படிக்கலாம். நாளை க்னூகேஷும் நின்றுபோனால் கணக்கு அதனோடு போய்விடாது.

மற்றொரு மகிழ்ச்சி, கணக்குகளுக்குத் தமிழிலேயே பெயரிட முடிவது. ஐந்து தலைப்புகளின் கீழ் எல்லாம் அடங்கும்: சொத்து, கடன், முதல், வருவாய், செலவு. இவற்றின் கீழ் கிளைக்கணக்குகளை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். என் கணவரின் ஊழியர் சேமநிதி 2024 மே 11 முதல் பெர்சாராஆன், செஜாதெரா, ஃபிலெக்சிபெல் என மூன்றாகப் பிரிந்தது அல்லவா? சொத்தின் கீழ் சேமநிதி, அதன் கீழ் மூன்று கிளைகள் என்று எளிதில் அமைத்துவிட்டேன்.

ஒரு பதிவு, இரு முனைகள்

க்னூகேஷ் இரட்டைப் பதிவு முறையைப் பின்பற்றுகிறது. பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்னும் இரண்டையும் ஒவ்வொரு பதிவிலும் சொல்லவேண்டும். சந்தையில் 86 ரிங்கிட்டுக்குக் காய்கறியும் மீனும் வாங்கினால், கைப்பணத்தில் 86 குறையும். மளிகைச் செலவில் 86 கூடும். ஒருமுனையை எழுதாமல் விட்டால், பொருந்தாத தொகை தனிக் கணக்கொன்றில் போய் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இம்முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூகா பச்சோலி 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் விளக்கினார். வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பே இதைக் கையாண்டு வந்தனர். நம்மவர்க்கும் இது புதிதன்று. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் சாலையிலும் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார், பேரேடு எழுதி ஐந்தொகை எடுத்தவர்கள். உள்ளதையும் கொடுக்கவேண்டியதையும் ஒரே தாளில் நிறுத்திக் காட்டும் அந்த அறிக்கைக்கு ஐந்தொகை என்னும் அழகிய தமிழ்ச்சொல் இருக்கிறது. என் கணினியில் அவ்வறிக்கைக்கு அப்பெயரையே சூட்டினேன்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். 180,000 ரிங்கிட் கடன், ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,188 ரிங்கிட். முதல் மாதத்தில் இதில் வட்டி மட்டும் 750. அசலில் குறைவது 438தான். இரட்டைப் பதிவில் 750 செலவுக்கும் 438 கடன் குறைப்புக்கும் தனித்தனியே செல்கின்றன. தவணை முழுவதையும் “வீடு” என்று ஒரே வரியில் எழுதினால் இவ்வுண்மை தெரியாது. கூடுதலாகச் செலுத்தும் நூறு ரிங்கிட் ஏன் மதிப்புடையது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கவும் இதைவிட நல்ல கணிதப் பாடம் இல்லை.

மாற்றிய முறை

முதலில் பழைய கோப்பை இரண்டு விரலிகளில் படியெடுத்து வைத்தேன். பிறகு மணியிலிருந்து ஒவ்வொரு கணக்காகக் கியூஐஎஃப் வடிவில் வெளியே எடுத்தேன். அனைத்தையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. பதினொரு கணக்குக்குப் பதினொரு கோப்புகள். இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும்.

ஒன்று, தேதி. 03/04/2008 என்பது ஏப்ரல் 3ஆம் நாளா, மார்ச் 4ஆம் நாளா என்பதைக் கியூஐஎஃப் கோப்பு சொல்லாது. க்னூகேஷ் நம்மிடம் கேட்கும். சரியாகத் தெரிவு செய்யவேண்டும்.

இரண்டு, பரிமாற்றங்கள். சம்பளக் கணக்கிலிருந்து சேமிப்புக்கு மாற்றிய 300 ரிங்கிட் இரண்டு கோப்புகளிலும் இருக்கும். எல்லாக் கோப்புகளையும் ஒருசேர ஏற்றினால் இரண்டும் ஒரே பதிவென மென்பொருள் இணைத்துக்கொள்ளும்.

மூன்று, வராதவை. வரவுசெலவுத் திட்டங்களும் நாள் குறித்து வைத்த கட்டண நினைவூட்டல்களும் கியூஐஎஃப் வழியாக வருவதில்லை. அவற்றைப் புதிதாகவே அமைக்கவேண்டும்.

இறுதியாக, ஒவ்வோர் ஆண்டின் டிசம்பர் 31 இருப்பையும் பழையதோடும் வங்கி அறிக்கையோடும் ஒப்பிட்டேன். இதைச் செய்யாமல் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள்.

வரிகளுக்குள் வாழ்க்கை

ஒப்பிடும் வேலை விரைவில் முடியவில்லை. கண்கள் தொகைகளில் நிற்காமல் பெயர்களில் நின்றன. 2008 ஏப்ரல் 1 முதல் கடை ரசீதுகள் ஐந்து காசுக்கு முழுமையாக்கப்பட்டன. அதற்கு முந்தைய பதிவுகளில் மூன்று காசும் ஏழு காசும் இன்னும் இருக்கின்றன. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பெட்ரோலும் டோலும் வாரக்கணக்கில் வெறுமை, இணையக் கட்டணம் மட்டும் உயர்வு. 2016 முதல் என் அம்மாவின் இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று வரிகள். 2018 ஆகஸ்டில் அவ்வரிகள் நின்றுவிடுகின்றன. அதற்கடுத்த வரி பூமாலை.

அந்த இடத்தில் கணினியை மூடிவிட்டு எழுந்தேன். மறுநாள்தான் தொடர்ந்தேன். அம்மாவுக்குச் செய்த செலவை நாங்கள் உடன்பிறந்தோர் நால்வரும் மனத்தாங்கலின்றிப் பகிர்ந்துகொண்டதற்கும் அந்த வரிகளே காரணம். யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கவேண்டிய நிலை வரவில்லை. கணக்கு ஏற்கனவே அங்கே இருந்தது.

இறுதிச் சோதனை

எல்லாம் முடிந்தபின் என் கணவருக்கு ஒரு பயிற்சி வைத்தேன். ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கையில். நான் அருகில் இருக்கமாட்டேன். வீட்டுக் கடன் மீதம், காப்புறுதித் தவணை நாள், மகளின் கல்விச் சேமிப்பு ஆகிய மூன்றையும் கண்டுபிடித்துத் தாளில் எழுதவேண்டும். அவர் கணக்குப் பக்கமே வராதவர். இருபது நிமிடத்தில் மூன்றையும் எழுதிவிட்டார். “பெயரெல்லாம் தமிழில் இருப்பதால் எங்கே தேடவேண்டும் என்று தெரிகிறது” என்றார். புதிய மென்பொருளுக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று எனக்குத் தேவையில்லை.

ஒன்றை மறவாதீர்கள். க்னூகேஷ் கோப்புக்குத் தனிக் கடவுச்சொல் கிடையாது. கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லே காவல். அதை வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருக்கவேண்டும். இனி ஆண்டுதோறும் டிசம்பர் 31இல் ஐந்தொகையைத் தாளில் அச்சிட்டு, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்புறையில் வைப்பதென முடிவு செய்துள்ளோம். தாளைத் திறக்க எந்த மென்பொருளும் வேண்டியதில்லை.

நீங்கள் எந்த மென்பொருளில் எழுதினாலும், ஐந்து வெள்ளிக் குறிப்பேட்டில் எழுதினாலும் நன்றே. இவ்வாரம் உங்கள் துணையையோ வளர்ந்த பிள்ளையையோ அழைத்து, அதை ஒருமுறை அவர்களே திறந்து படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் திணறும் இடம் எதுவோ, அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியத் தோழி