அப்பாவின் குதிகால்

"எவன்டா கட்டையால அடிச்சது?" என்று திரும்பிப் பார்த்தாராம் அப்பா. வரப்பில் யாருமில்லை. மேட்டூர் தண்ணீர் வந்து, குறுவை நடவுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நான்கு நாளை வீணடித்தது நான்தான்.

தஞ்சாவூரில் டாக்டர் அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்காலை அமுக்கினார். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் சும்மா கிடந்தது. கெண்டைச் சதையைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநார் அறுந்திருந்தது. நீளமாகக் கிழிக்காமல், சின்னத் துளைகள் வழியே நூல் கோத்து இழுத்துக் கட்டினார்கள். இதில் புண் சீழ் பிடிக்கும் பயம் குறைவு. பக்கத்தில் ஓடும் நரம்பில் ஊசி படாமல் பார்ப்பதுதான் கஷ்டமாம்.

"தையல் இத்தினியூண்டு, இதுக்கா மூணு மாசம்?" என்று தினமும் சண்டை போட்டார். அவர் சேற்றில் இறங்கியபோது சம்பா நடவே வந்துவிட்டது. இப்போதும் வரப்பு ஏறும்போது அவர் கை என் தோளைத் தேடுகிறது. கேட்டால், "சும்மாதான்டா" என்கிறார்.