மறதி என்னும் நிலவறை



பிரெஞ்சு மொழியில் 'ஊப்லியெத்' என்றொரு சொல் உண்டு. 'மறத்தல்' என்று பொருள்படும் 'ஊப்லியே' என்னும் வினையிலிருந்து அது பிறந்தது. பழங்கோட்டைகளில், மேலே ஒரே ஒரு திறப்பை மட்டும் உடைய ஆழமான நிலவறைச் சிறைக்கு அப்பெயர் வழங்கியது. கதவில்லை, படியில்லை. உள்ளே இறக்கப்பட்டவனை மேலே உள்ளவர்கள் மறந்துவிட்டாலே போதும், தண்டனை நிறைவேறிவிடும். நம் வேதாகமத்தில் வரும் 'காவற்கிடங்கு' என்னும் சொல்லில் காவலாவது இருக்கிறது. இச்சொல்லிலோ அதுவும் இல்லை.

எரேமியா தீர்க்கதரிசி இப்படிப்பட்ட குழியொன்றில் இறக்கப்பட்டதை எரேமியா 38-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது தண்ணீர் வற்றிய துரவு. அதன் சேற்றில் அவர் அமிழ்ந்தார். எருசலேமில் அத்தனை பேர் இருந்தும், அவருக்காக ராஜாவிடம் பேசியவன் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியன் ஒருவனே. அவன் கயிற்றோடு பழந்துணிகளையும் கொண்டுபோனான். கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி, அவரைத் தூக்கியெடுத்தான். நம் ஊரில் கிணறு தூர்வாரியவர்களுக்கு இது விளங்கும். கீழே நிற்பவனின் உயிர், மேலே கயிறு பிடித்திருப்பவனின் நினைவில் இருக்கிறது.

இதை நான் உங்களுக்குப் பிரசங்கிக்குமுன், என் குற்றத்தை அறிக்கையிட வேண்டும். நம் சபைத் தாயார் ஒருவரின் மகன், மலையிலிருந்து சாராயம் கடத்திய வழக்கில் கடலூர் மத்திய சிறையில் இருக்கிறான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வழக்கிற்கும் இவனுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அந்தத் துக்க நாட்களில் இவன் பெயரை ஆலயத்தில் உச்சரிக்க எனக்குத் துணிவில்லாமற்போயிற்று. ஜெபக்குறிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டேன். துக்க நாட்கள் கடந்தபின்னும் திரும்பச் சேர்க்கவில்லை.

ஓர் ஆராதனை முடிந்தபின் அந்தத் தாயார் என்னிடம், "ஐயா, என் மகன் பேரை இப்போ ஜெபத்துல சொல்றதில்லீங்களே?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை. அதனாலேயே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவன் செய்தது குற்றமே, தண்டனையும் நியாயமே. ஆனால் நீதிமன்றம் அவனுக்குச் சில வருடங்களை மட்டுமே விதித்தது. மறக்கப்பட வேண்டும் என்று விதிக்கவில்லை. அதைக் கூட்டிக்கொடுத்தவன் நான். கட்டப்பட்டிருக்கிறவர்களோடு நாமும் கட்டப்பட்டவர்கள்போல அவர்களை நினைக்க வேண்டும் என எபிரெயர் 13:3 போதிக்கிறது. குற்றமற்றவர்களை மட்டும் என்று அங்கே ஒரு விலக்கு எழுதப்படவில்லை.

அந்த வாரமே மனுப்போட்டு அவனைக் காணச் சென்றேன். நெடுநேரம் தலைகுனிந்திருந்தான். பின்பு, "கோமுகி அணையில தண்ணி திறந்துட்டாங்களா, ஐயா?" என்று கேட்டான். அவன் நம்மை மறக்கவில்லை, பிரியமானவர்களே.

உங்கள் ஜெபத்திலிருந்து வெட்கத்தினாலோ கசப்பினாலோ நீங்கள் எடுத்துவிட்ட பெயர் யாருடையது? இந்த வாரம் அதைத் தேவ சமுகத்தில் ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். கூடுமானால் நேரில் போய்ப் பாருங்கள்.

ஜெபம்: எங்களை ஒருபோதும் மறவாத பிதாவே, நாங்கள் மறந்தவர்களை எங்களுக்கு நினைப்பூட்டும். கயிற்றோடு பழந்துணியையும் எடுத்துச் செல்லும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.